துபாய்க்கு எத்தனை மணி நேரம்? வான்வழித் தூரமும் பறக்கும் நேரமும்: ஓர் எளிய விளக்கம்

கீழக்கரையிலோ பெரியபட்டினத்திலோ தொண்டியிலோ ஒருவரிடம் துபாய் எவ்வளவு தூரம் என்று கேட்டால், கிலோமீட்டரில் பதில் வருவது அரிது. "நாலு மணி நேரம்" என்றுதான் சொல்வார். வளைகுடாவுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் தலைமுறைகளாகப் போய்வரும் இந்த இராமநாதபுரம் கரையில் தூரத்தை நேரத்தால் அளக்கும் வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. அந்தப் பதில் தவறும் அன்று. ஆனால் முதன்முதலாகப் பயணச்சீட்டு எடுப்பவர், சீட்டில் அச்சிட்டிருக்கும் நேரங்களைக் கழித்துப் பார்த்தால், போகும்போது மூன்று மணி நேரம்கூட வராது, திரும்பும்போது ஐந்து மணி நேரத்துக்கு மேல் வரும். இணையத்தில் மதுரைக்கும் துபாய்க்கும் உள்ள தூரத்தைத் தேடினாலோ, 2,950 என்றும் 1,830 என்றும் 1,590 என்றும் ஒன்றோடொன்று ஒட்டாத எண்கள் வந்து நிற்கும். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஒவ்வோர் எண்ணும் வெவ்வேறு கேள்விக்கான விடை, அவ்வளவுதான்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். இரண்டு நகரங்களுக்கு இடையிலான வான்வழித் தூரம் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது, பூமியின் வளைந்த மேற்பரப்பின் மீது அவ்விரு இடங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளமாகும். அதைக் கண்டுபிடிக்க நூல் பிடித்து அளக்க வேண்டியதில்லை; இரண்டு இடங்களின் அகலாங்கும் (அட்சரேகை) நெட்டாங்கும் (தீர்க்கரேகை) தெரிந்தால் போதும். இந்தக் கணக்கு இராமேசுவரம், பாம்பன் மீனவர்களுக்குப் புதிதல்ல. விசைப்படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி எந்நேரமும் காட்டிக்கொண்டிருப்பது இந்த இரண்டு எண்களைத்தான். இராமேசுவரம் வடக்கே 9 டிகிரி 17 நிமிடத்தில் இருக்கிறது. பாக் நீரிணையின் வடக்கு முனையான கோடியக்கரை 10 டிகிரி 17 நிமிடத்தில் இருக்கிறது. இடைவெளி சரியாக ஒரு டிகிரி, அதாவது 60 நிமிடம் (இங்கே நிமிடம் என்பது நேரமன்று, டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). வடக்கு தெற்காக ஒரு நிமிடக் கோணத்துக்கு ஒரு கடல் மைல் என்பதால், கோடியக்கரை இராமேசுவரத்தைவிட 60 கடல் மைல், ஏறத்தாழ 111 கிலோமீட்டர், வடக்கே இருக்கிறது என்று கருவியைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். கடல் மைல் என்ற அளவே இப்படிப் பூமியின் உருவத்திலிருந்து பிறந்ததுதான். நாட்டுக்கு நாடு சிறிது மாறியிருந்த அதன் நீளத்தை 1929ஆம் ஆண்டில் மொனாக்கோவில் கூடிய பன்னாட்டு நீரியல் மாநாடு 1,852 மீட்டர் என்று நிலைப்படுத்தியது. கடலில் படகு ஓட்டுபவரும் வானில் விமானம் ஓட்டுபவரும் இன்றும் ஒரே அளவைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

கிழக்கு மேற்காக அளக்கும்போது ஒரு சிறு திருத்தம் தேவைப்படுகிறது. நெட்டாங்குக் கோடுகள் எல்லாம் துருவங்களில் போய்க் கூடுவதால், நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக அவற்றின் இடைவெளி குறைந்துகொண்டே போகும். இராமநாதபுரம் கரையில் ஒரு டிகிரி நெட்டாங்கு சுமார் 110 கிலோமீட்டர். துபாய் இருக்கும் 25ஆம் டிகிரி அகலாங்கில் அது சுமார் 101 கிலோமீட்டர்தான். இதை மனத்தில் கொண்டால், அருகிலுள்ள ஊர்களுக்கான தூரத்தைப் பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தைக் கொண்டே கணித்துவிடலாம். மதுரை விமான நிலையத்துக்கும் கொழும்பின் பண்டாரநாயக்க விமான நிலையத்துக்கும் அகலாங்கு வேறுபாடு 2.65 டிகிரி, அதாவது 295 கிலோமீட்டர். நெட்டாங்கு வேறுபாடு 1.79 டிகிரி, அதாவது 197 கிலோமீட்டர். இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 355 கிலோமீட்டர் வருகிறது. கணினி தரும் விடையும் கிட்டத்தட்ட இதுவே.

தொலைதூரத்துக்கு இந்தத் தட்டையான கணக்கு போதாது. அங்கே கோள வடிவியல் வேண்டும். அதன்படி கிடைக்கும் குறுகிய பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். பள்ளிக்கூடத்து உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு நூலை இறுகப் பிடித்தால் அந்தப் பாதையை நேரிலேயே பார்க்கலாம். சுவரில் மாட்டிய தட்டையான வரைபடத்தில் அதே பாதை வில்லாக வளைந்து தெரிவதால்தான், அமெரிக்காவுக்குப் போகும் விமானம் ஏன் வட துருவத்தை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போகிறது என்று பலர் வியக்கிறார்கள். உண்மையில் அது சுற்றவில்லை, வரைபடம்தான் நீட்டிக் காட்டுகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகே இருக்கும் நம் பக்கத்தில் இந்த வளைவு பெரிதாகத் தோன்றாது.

பெருவட்டக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் சில எதிர்பாராத விடைகள் கிடைக்கின்றன. சென்னை, திருச்சி, மதுரை மூன்றும் வடக்கு தெற்காக ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருந்தாலும், துபாயிலிருந்து அவை மூன்றின் தூரமும் 2,930 முதல் 2,960 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. துபாயை மையமாக வைத்து ஒரு வட்டம் வரைந்தால் மூன்று ஊர்களும் ஏறக்குறைய அந்தக் கோட்டின் மேலேயே விழும். ஆகவே சென்னையிலிருந்து போனால் துபாய் தொலைவு, மதுரையிலிருந்து போனால் அருகு என்று நினைப்பதற்கு இடமே இல்லை. இதைவிடச் சுவையானது திருச்சியின் இருப்பிடம். அங்கிருந்து மேற்கே துபாய் சுமார் 2,940 கிலோமீட்டர். கிழக்கே சிங்கப்பூர் சுமார் 2,980 கிலோமீட்டர். ஒரு மகன் துபாயிலும் இன்னொரு மகன் சிங்கப்பூரிலும் இருக்கும் குடும்பங்கள் இந்தக் கரையில் ஏராளம். திருச்சியிலிருந்து விமானம் ஏறினால் அந்த இருவரும் ஏறத்தாழ சம தூரத்தில் இருக்கிறார்கள்.

அலகுக் குழப்பத்தை இரண்டே வரியில் தீர்த்துவிடலாம். ஒரு சாலை மைல் 1.609 கிலோமீட்டர், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். மேலே சொன்ன 2,950, 1,830, 1,590 ஆகிய மூன்றும் முறையே கிலோமீட்டர், மைல், கடல் மைல் கணக்கில் சொல்லப்பட்ட ஒரே தூரமாகும்.

இந்தத் தூரத்தை விமானம் அப்படியே பறப்பதில்லை என்பதை அடுத்ததாகக் கவனிக்க வேண்டும். ஓடுபாதை எந்தத் திசையில் அமைந்திருக்கிறதோ அந்தத் திசையில்தான் விமானம் எழும்ப முடியும்; அதுவும் இயன்றவரை எதிர்க்காற்றில் எழும்ப வேண்டும். மதுரையின் ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. மேற்கிலிருந்து காற்று வீசும் நாளில், வடகிழக்கே சென்னைக்கோ தென்கிழக்கே கொழும்புக்கோ போக வேண்டிய விமானமும் முதலில் மேற்கு நோக்கி எழும்பித்தான் பிறகு திரும்பும். அதன்பின், வானில் குறித்து வைத்திருக்கும் வழிப்புள்ளிகளைத் தொட்டுத் தொட்டு, இராணுவத்துக்கு ஒதுக்கிய வான்பகுதிகளைத் தவிர்த்து, கட்டுப்பாட்டு நிலையம் சொல்லும் உயரத்தில் செல்லும். இறங்கும் ஊரில் நெரிசல் இருந்தால் வட்டமடிக்கவும் நேரும். பெருவட்டத் தூரத்தைவிட உண்மையில் பறக்கும் தூரம் எப்போதுமே சற்று அதிகம் என்று கொள்வது நல்லது. குறுகிய பயணங்களில் இந்த அதிகப்படி, விகிதத்தில் பார்த்தால் பெரிதாகவே இருக்கும்.

இனி நேரம். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் என்பது ஐந்தாம் வகுப்புப் பாடம். விமானப் பயணத்தில் இது பாதி உண்மைதான். ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற விமானங்கள் மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன என்பது, அவை முழு உயரத்தை எட்டிச் சீராகச் செல்லும் வேளையில் மட்டுமே பொருந்தும். பத்தாயிரம் அடிக்குக் கீழே 250 நாட், அதாவது மணிக்கு 463 கிலோமீட்டர், என்ற வேகவரம்பு பொதுவாக இருக்கிறது. தரையில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும், முறைக்காகக் காத்திருக்கும் நேரமும், இறங்கிய பின் நிறுத்துமிடம் சேரும் நேரமும் சேர்ந்துகொள்ளும். விமான நிறுவனங்கள் அட்டவணையில் போடும் நேரம், விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்குவது முதல் அடுத்த ஊரின் நிறுத்துமிடத்தில் வந்து நிற்பது வரையிலான முழு நேரமாகும். தாமதத்துக்கு இடம் விட்டுச் சில நிமிடங்களைக் கூட்டிப் போடுவதும் உண்டு; "குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டோம்" என்று விமானத்தில் அறிவிப்பதைக் கேட்டு யாரும் அதிகம் மகிழ வேண்டியதில்லை.

எனவே கைக்கணக்காக ஒரு வழியைக் கடைப்பிடிக்கலாம்: கிலோமீட்டரை 830ஆல் வகுத்து, கிடைக்கும் நேரத்தோடு அரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மதுரையிலிருந்து கொழும்புக்கு 355 கிலோமீட்டர். வகுத்தால் 26 நிமிடம், அரை மணியைச் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. துபாய்க்கு 2,950 கிலோமீட்டர். மூன்று மணி 33 நிமிடத்தோடு அரை மணி, ஆக நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஊரார் சொல்லும் "நாலு மணி நேரம்" கணக்குப்படியும் சரிதான். பாருங்கள், துபாய் கொழும்பைவிட எட்டு மடங்குக்கு மேல் தொலைவு; நேரமோ நான்கு மடங்கை ஒட்டியே நிற்கிறது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆகும் நேரம் எந்த ஊருக்குப் போனாலும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் இப்படி அமைகிறது. மதுரை சென்னை போன்ற வழிகளில் ஓடும், இறக்கையில் விசிறி சுழலும் ஏடிஆர் விமானமாக இருந்தால் 830க்குப் பதில் 500ஆல் வகுக்க வேண்டும். அந்தத் தூரம் வெறும் 420 கிலோமீட்டர்தான் என்பதால், இரு வகை விமானங்களுக்கும் இடையே இருபது நிமிடமே வேறுபடும்.

கைக்கணக்கை மாற்றிவிடக்கூடிய ஒன்று உண்டு, அது காற்று. கடலோரத்தில் வாழ்பவர்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. வாடை எப்போது அடிக்கும், கச்சான் எப்போது எழும்பும் என்பதை வைத்துத்தான் தொழிலே நடக்கிறது. ஆனால் விமானம் பறக்கும் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் நடப்பது வேறு கதை. ஆனி, ஆடி மாதங்களில் கீழே கச்சான் மேற்கிலிருந்து மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருக்க, அதே வேளையில் தென்னிந்தியாவுக்கு மேலே வெகு உயரத்தில் காற்று நேரெதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே பாய்கிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று எனப்படும் இதைப் பற்றி இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீசுவரம் 1958இல் விரிவாக எழுதினார். கோடையில் திபெத்தியப் பீடபூமி கொதித்து அதன் மேலுள்ள காற்று சூடாவதும் தெற்கே கடலின் மேலுள்ள காற்று ஒப்பளவில் குளிர்ந்திருப்பதும் இந்தத் தாரைக்காற்றுக்குக் காரணம். அதன் மிகுந்த வேகம் 14 கிலோமீட்டருக்கு மேலேதான். பயணிகள் விமானங்கள் அதன் கீழ்ப்பகுதியையே தொடுகின்றன என்றாலும், தென்மேற்குப் பருவக் காலத்தில் இங்கிருந்து வளைகுடாவுக்குப் போகும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளுகிறது. மார்கழி, தை மாதங்களில் நிலைமை தலைகீழாகும். அப்போது 25, 30 டிகிரி அகலாங்கை ஒட்டி மேலைத் தாரைக்காற்று வலுத்து, துபாயிலிருந்து கிளம்பும் விமானங்களை இந்தியாவை நோக்கித் தள்ளிவிடுகிறது.

இதனால் எவ்வளவு வேறுபாடு வரும் என்று பார்க்க, மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று வழிநெடுக ஒரே சீராக வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்காற்றில் தரையைப் பொறுத்த வேகம் 770 ஆகக் குறைந்து, 2,950 கிலோமீட்டரைக் கடக்க 3 மணி 50 நிமிடம் ஆகும். பின்காற்றில் வேகம் 890 ஆகி, 3 மணி 19 நிமிடத்தில் முடிந்துவிடும். காற்றே இல்லாவிட்டால் 3 மணி 33 நிமிடம். எதிர்க்காற்று 17 நிமிடத்தைப் பறிக்கிறது, பின்காற்று 14 நிமிடத்தைத்தான் திருப்பித் தருகிறது. மெதுவாகப் போகும்போது காற்றுக்கு அகப்பட்டிருக்கும் நேரமும் கூடிவிடுவதால் போகவர இரண்டையும் சேர்த்தால் எப்போதும் நட்டமே மிஞ்சும். நீண்ட பயணங்களில் தூரத்தைக் கூட்டிக்கொண்டாவது காற்றைப் பிடிப்பது இலாபமாக முடியும். 2016இல் ஏர் இந்தியா நிறுவனம் டெல்லியிலிருந்து சான் பிரான்சிசுகோவுக்குப் போகும் விமானத்தை அட்லாண்டிக் பக்கமாக அனுப்பாமல் பசிபிக் பக்கமாகத் திருப்பியபோது, சுமார் 1,400 கிலோமீட்டர் அதிகம் பறந்தும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மிச்சமானது. குறுகிய தூரமே குறைந்த நேரம் என்ற எண்ணத்தை இந்த ஒரு செய்தியே போதுமான அளவுக்கு ஆட்டிவிடுகிறது.

பயணச்சீட்டில் காணும் நேரங்களுக்கு வருவோம். புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் அச்சிடப்படுகின்றன. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. சவுதி அரேபியா இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி நேரம் முந்தியவை. இலங்கை இடையில் சில ஆண்டுகள் வேறு நேரத்தைப் பின்பற்றிவிட்டு, 2006 ஏப்ரல் முதல் மீண்டும் இந்திய நேரத்துக்கே வந்துவிட்டது. ஓர் எடுத்துக்காட்டாக, திருச்சியில் காலை 10 மணிக்குக் கிளம்பும் விமானம் துபாயில் பகல் 12.45க்கு இறங்குவதாகச் சீட்டில் இருந்தால், தெரியும் வேறுபாடு 2 மணி 45 நிமிடம். ஒன்றரை மணியைக் கூட்டினால் உண்மையான நேரம் 4 மணி 15 நிமிடம். திருச்சியில் இரவு 1 மணிக்குக் கிளம்பி சிங்கப்பூரில் காலை 7.45க்கு இறங்குவதாக இருந்தால், தெரியும் வேறுபாடு 6 மணி 45 நிமிடம். இரண்டரை மணியைக் கழித்தால் அதே 4 மணி 15 நிமிடம்தான். ஒரே நீளமுள்ள இரு பயணங்களில் ஒன்று குட்டையாகவும் மற்றொன்று நெடியதாகவும் காட்சி தருவதற்குக் கடிகாரங்களே காரணம். நள்ளிரவை ஒட்டிய விமானங்களில் தேதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 10ஆம் தேதி இரவு 1 மணி என்று போட்டிருந்தால், 9ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஊரிலிருந்து கிளம்பியாக வேண்டும். ஒரு நாள் தவறி மறுநாள் இரவு வந்து நிற்பவர்கள் எல்லா விமான நிலையங்களிலும் இருக்கிறார்கள்.

கிளம்புவது என்றதும், இந்தக் கரைக்கே உரிய ஒரு கணக்கு முன்னால் வந்து நிற்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்தில் பயணிகள் விமானம் வந்து இறங்கும் நிலையம் இல்லை. உச்சிப்புளியில் ஓடுபாதை இருக்கிறது, அது ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படைத் தளத்துக்கு உரியது. ஆகவே மதுரைக்குச் சுமார் 120 கிலோமீட்டரோ, திருச்சிக்கு 200 கிலோமீட்டர் அளவுக்கோ சாலையில் போய்த்தான் விமானம் ஏற வேண்டும். மதுரை வழியில் ஒரு வசதி, விரகனூரில் சுற்றுச்சாலைக்குத் திரும்பிவிட்டால் நகர நெரிசலுக்குள் நுழையாமலே விமான நிலையத்தை அடையலாம். அப்படியும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். இராமேசுவரத்திலிருந்து கிளம்பினால் இன்னும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கூட்டிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே அங்கே இருக்கச் சொல்கிறார்கள். நான்கு மணி நேரப் பறத்தலுக்கு முன்னால் ஐந்தாறு மணி நேரம் தரையிலேயே கழிகிறது.

தூரத்துக்கும் நேரத்துக்கும் உள்ள உறவு முற்றிலும் அறுந்துபோகும் இடத்தைப் பார்க்க வேண்டுமானால் தலைமன்னாரை எடுத்துக்கொள்ளலாம். தனுஷ்கோடிக்கும் அதற்கும் நடுவே உள்ள கடல் 30 கிலோமீட்டர் அளவுதான். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையிலிருந்து இரயிலில் வந்து தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் மீண்டும் இரயில் பிடிப்பது வழக்கமான பயணமாக இருந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடந்த கப்பல் போக்குவரத்தும் நின்றுபோனது. இப்போது மதுரை வழியே விமானத்தில் போக நினைப்பவர், முதலில் மேற்கே அங்கு போய், 355 கிலோமீட்டர் பறந்து கொழும்பில் இறங்கி, அங்கிருந்து வடக்கே 300 கிலோமீட்டர் அளவுக்குத் தரைவழியே திரும்பி வர வேண்டும்.

நேரடி விமானம் கிடைக்காமலோ கட்டணம் கட்டுப்படியாகாமலோ இடையில் ஓர் ஊரில் மாறிப் போவோர் பலர். அங்கும் பெருவட்டக் கணக்கு கைகொடுக்கும். மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு நேராக 3,015 கிலோமீட்டர். கொழும்பில் மாறினால் 355ம் 2,750ம் சேர்ந்து 3,105. தொண்ணூறு கிலோமீட்டர்தான் கூடுதல் என்பதால், கொழும்பு ஏறக்குறைய வழியிலேயே இருக்கிறது என்று சொல்லலாம். அதே கொழும்பில் மாறித் துபாய்க்குப் போனால், 355ம் 3,290ம் சேர்ந்து 3,645 ஆகிறது. நேர்தூரத்தைவிட ஏறத்தாழ 700 கிலோமீட்டர் அதிகம், ஏனெனில் மேற்கே போக வேண்டியவர் முதலில் தெற்கிலும் கிழக்கிலும் விலகிப் போகிறார். பறக்கும் நேரத்தில் பார்த்தால் அந்த 700 கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம். கூடுதலாக ஒரு முறை இறங்கி ஏறுவதற்கு அரை மணி. இரண்டையும் விடப் பெரியது காத்திருப்பு. பயணச்சீட்டு விற்கும் தளங்களில் "மொத்தப் பயண நேரம்" என்று காட்டப்படுவது இந்தக் காத்திருப்பையும் சேர்த்த எண். அதிலிருந்து இரண்டு பறத்தல்களின் நேரத்தையும் கழித்தால், இடையில் எத்தனை மணி நேரம் நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது தெரிந்துவிடும். அந்த எண் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் முதல் விமானம் சற்றுத் தாமதித்தாலும் அடுத்தது கைநழுவும். எட்டு மணி நேரமாக இருந்தால், மிச்சமாகும் பணம் அதற்கு ஈடாகுமா என்று வீட்டிலேயே பேசி முடிவெடுத்துவிடலாம்.